ஒரு சோறு பதம்

சோறு வெந்ததா என்று பார்க்க அம்மா பானையைக் கிளறுவதில்லை. கொதியில் மேலே வந்து புரளும் பருக்கைகளில் ஒன்றை அகப்பை நுனியில் எடுப்பாள். ஊதுவாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவே வைத்து நசுக்குவாள். நடுவில் ஊசிமுனை அளவுக்கு வெள்ளை தெரிந்தால் இன்னும் இரண்டு நிமிடம், தெரியவில்லையென்றால் வடித்துவிடலாம். வீட்டில் எட்டுப் பேர் சாப்பிட்டாலும் பதம் சொல்ல ஒரு பருக்கை போதும்.

நம் கழுத்திலும் அப்படி ஒரு பருக்கை இருக்கிறது. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு என்பதுதான் சரி. தாடையின் மூலைக்குக் கீழே இரண்டு விரலை வைத்து நாடி பார்ப்போமே, அந்தத் துடிப்பு கரோட்டிட் தமனியுடையது. நெஞ்சிலிருந்து மேலே ஏறிவரும் அந்தக் குழாய், குரல்வளைக்குச் சற்று மேலே உண்டிவில்லின் கவட்டைபோல இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை மூளைக்கு, மற்றொன்று முகத்துக்கு. அந்தக் கவட்டையின் இடுக்கில், கொஞ்சம் பின்பக்கமாக, பழுப்பும் சிவப்பும் கலந்த ஒரு சிறு மணி ஒட்டிக்கொண்டிருக்கும். அளவில் ஓர் அரிசி. எடை பத்துப் பதினைந்து மில்லிகிராம். மருத்துவ நூல்கள் இதைக் கரோட்டிட் பாடி என்கின்றன. உடற்கூற்று மேசையில் மாணவர்கள் கொழுப்போடு கொழுப்பாக வழித்தெறிந்துவிடுகிற பொருள். 1743இலேயே ஜெர்மனியில் தாவ்பே என்ற மாணவர் இதைக் குறித்துவைத்தார். ஆனால் அதற்குப் பிறகு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள், இது சுரப்பியா, நரம்பு முடிச்சா, என்ன வேலை செய்கிறது என்று ஒருவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

இதன் வேலை, ரத்தத்தில் ஆக்சிஜன் பதம் பார்ப்பது. குறைந்தால் மூளைக்குச் சொல்வது. உடனே மூச்சு ஆழமாகும், வேகமாகும். இவ்வளவையும் பள்ளிப் பாடம் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடும். அந்த ஒரு வரிக்குள் இருக்கும் நயங்களை ஆற அமர ரசிக்கத்தான் இந்தக் கட்டுரை.

முதல் நயம் ஓர் ஊதாரித்தனம். உடலின் பெரும்பாலான திசுக்களுக்கு அவற்றின் தேவைக்கு ஏற்ற ரத்தம்தான் போகும். மூளைக்கு, 100 கிராமுக்கு நிமிடத்துக்குச் சுமார் 50 மில்லி. இந்தப் பருக்கைக்கு? பூனைகளில் அளந்து பார்த்தார்கள்: அதே 100 கிராம் கணக்கில் சுமார் 2,000 மில்லி. மூளையைப்போல நாற்பது மடங்கு. சிறுநீரகத்தைக்கூடத் தாண்டிவிடுகிறது. நமக்கும் அதே விகிதம் என்று வைத்துக்கொண்டால் மொத்தமாக என்ன வந்துவிடும்? நிமிடத்துக்கு ஐந்து சொட்டு. அரிசியளவு வயலுக்கு அதுவே காவிரி வெள்ளம்.

எதற்கு இத்தனை? உடலின் செல் அநேகமாக எதுவானாலும் ஆக்சிஜனைத் தின்னும். பதம் பார்க்கிறவனே பசிகாரனாக இருந்துவிட்டால் அவன் தின்றது போக மிஞ்சியதைத்தானே அளப்பான்? பானையில் எவ்வளவு இருந்தது என்பது தெரியாமலே போய்விடும். இந்தப் பருக்கையும் நல்ல பசிகாரன்தான். எடைக்கு எடை நிறைய ஆக்சிஜன் செலவழிக்கிறது. ஆனால் ஓடிவரும் ரத்தம் அவ்வளவு அதிகமாக இருப்பதால், உள்ளே போன ரத்தத்துக்கும் வெளியே வந்த ரத்தத்துக்கும் வித்தியாசமே தெரிவதில்லை. ஆற்றில் கைநிறைய அள்ளிக் குடித்தாலும் ஆற்றின் மட்டம் இறங்குவதில்லை அல்லவா, அதுபோல. அளக்கிறவன் அளக்கப்படுவதைக் கெடுக்காமலிருக்க உடல் கண்டுபிடித்த வழி இது. இதைப் படித்த அன்று புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, தாடைக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாவது நயம் ஒரு நரம்பு. ஸ்பெயினில், நரம்பியலின் பிதாமகர் என்று சொல்லத்தக்க ரமோன் இ கஹாலின் மாணவர் பெர்னாண்டோ தெ காஸ்ட்ரோ. வெள்ளிச் சாயம் ஏற்றி நரம்பு இழைகளைக் கருப்பாக்கிப் பார்க்கும் கலையை ஆசிரியரிடமிருந்து கற்றவர். 1926லும் 1928லும் அவர் இந்தப் பருக்கையைப் பற்றி எழுதினார். இதற்குள் நரம்புகள் ஏராளமாக நுழைகின்றன. அவை மூளையிலிருந்து கட்டளை கொண்டுவருபவையா, இங்கிருந்து சேதி கொண்டுபோகிறவையா? அவர் செய்த சோதனை எளிமையில் அழகானது. வெட்டுப்பட்ட நரம்பிழை, தன் தாய்ச்செல்லிலிருந்து பிரிந்துவிட்டால் செத்துவிடும். சேதி கொண்டுபோகும் நரம்பின் தாய்ச்செல் மண்டையோட்டின் அடியில் ஒரு முடிச்சில் இருக்கிறது. அந்த முடிச்சுக்கும் மூளைக்கும் நடுவே நரம்பை வெட்டினார். காத்திருந்தார். பருக்கைக்குள் இருந்த நுனிகள் வாடவே இல்லை. அப்படியானால் அவை மூளையின் கட்டளையைச் சுமப்பவை அல்ல. இங்கிருந்து செய்தி சுமப்பவை. இந்தச் செல்கள் ரத்தத்தைச் சுவை பார்க்கின்றன என்று அவர் எண்ணினார்.

சுவை என்பது அலங்காரப் பேச்சில்லை. பருக்கையின் சேதியைச் சுமந்து போவது ஒன்பதாவது கபால நரம்பின் கிளை. நாக்கின் பின்பகுதி மூன்றில் ஒரு பங்கு இருக்கிறதே, பாகற்காயின் கசப்பை விழுங்கும்போது அழுத்தமாக உணர்கிறோமே, அங்கிருந்து சுவையைக் கொண்டுபோவதும் இதே ஒன்பதாவது நரம்புதான். இரண்டும் மூளைத்தண்டில் போய்ச் சேரும் நரம்புத் தொகுதியும் ஒன்றே. ஒரே தபால்காரர், ஒரே அஞ்சலகம். நாக்கு சோற்றைப் பதம் பார்க்கிறது. நாக்குக்குக் கொஞ்சம் கீழே அதன் தங்கை ரத்தத்தைப் பதம் பார்க்கிறது.

நோபல் பரிசு தெ காஸ்ட்ரோவுக்குப் போகவில்லை. அவர் காட்டிய இடத்தில் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் கார்னெய்ல் ஹேமன்ஸ் நாய்களை வைத்து உடலியல் சோதனைகள் செய்து, மூச்சை இது ஆள்கிறது என்று நிறுவினார். 1938ஆம் ஆண்டுப் பரிசு அவருக்கு. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த மாட்ரிடில் தெ காஸ்ட்ரோ, குண்டு விழும் ஊரில் தன் ஆசிரியரின் ஆய்வுக்கூடத்தைக் காத்துக்கொண்டிருந்தார். ஹேமன்ஸ் தகுதியானவர், சந்தேகமில்லை. பரிசு இருவருக்குமாக இருந்திருக்கலாம் என்பது என் கட்சி.

சரி, உள்ளே போவோம். பருக்கையை மெல்லச் சீவி நுண்ணோக்கியில் வைத்தால், செல்கள் கொத்துக் கொத்தாகத் தெரியும். இவற்றுக்கு குளோமஸ் செல் என்று பெயர். குளோமஸ் என்றால் லத்தீனில் நூல்கண்டு. ஒரு கொத்தில் நாலைந்து செல்கள். அவற்றை விரல்களால் பொத்திப் பிடித்ததுபோல மெல்லிய இன்னொரு வகைச் செல். சுற்றிலும் ரத்தநாளங்கள். எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் குளோமஸ் செல்லின் உட்புறம் மிளகு தூவிய மாதிரி இருக்கும். அந்த மிளகுகள் ஒவ்வொன்றும் வேதிப்பொருள் அடைத்த சிறு பை. அவசரத்துக்கு உடைக்கத் தயாராக வைத்த பட்டாசுச் சரம் என்றும் சொல்லலாம்.

சாதாரணமாக இந்தச் செல்லின் உட்பக்கம் வெளிப்பக்கத்தைவிட எதிர்மின்னேற்றம் கொண்டது. பொட்டாசியம் அயனிகள் தங்களுக்கான கதவுகள் வழியாக ஓயாமல் வெளியே கசிந்துகொண்டிருப்பதால் அந்த நிலை நீடிக்கிறது. ஆக்சிஜன் குறைந்தால் அந்தக் கதவுகள் சாத்திக்கொள்கின்றன. செவில்லே நகரத்து ஹோஸே லோபெஸ் பர்னேயோவும் அவர் தோழர்களும் 1988இல் இதை ஒற்றைச் செல்லில் மின்முனை வைத்துக் காட்டினார்கள். கதவு சாத்தியதும் உள்ளே மின்னேற்றம் மாறுகிறது, அந்த மாற்றத்துக்கென்றே காத்திருக்கும் கால்சியம் கதவுகள் திறக்கின்றன, கால்சியம் பாய்கிறது, மிளகுப் பைகள் உடைந்து சிந்துகின்றன, நரம்பு நுனி விழித்துக்கொள்கிறது. எல்லாம் ஓரிரு நொடிக்குள். சிந்துகிற பொருள்களிலும் ஒரு குறும்பு: ஏடிபியும் அசிட்டைல்கோலினும் நரம்பை முடுக்குகின்றன, கூடவே கொட்டும் டோபமின் பெரும்பாலும் அடக்குகிறது. முடுக்கும்போதே கடிவாளத்தையும் பிடித்துக்கொள்கிறது.

ஆக்சிஜன் குறைந்தது என்று அந்தக் கதவுக்குச் சொன்னது யார்? மூன்றாவது நயம் இங்கே இருக்கிறது. எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது இதுதான். ஆக்சிஜனை உண்மையில் செலவழிக்கும் இடம் செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா. அங்கே எலெக்ட்ரான்கள் ரேஷன் கடை வரிசைபோல நகர்ந்து வந்து, கடைசிக் கவுண்டரில் ஆக்சிஜனிடம் போய்ச் சேர்கின்றன. மற்ற செல்களில் அந்தக் கவுண்டர் அசாத்திய சுறுசுறுப்பு. ஆக்சிஜன் வெகுவாக வற்றும்வரை அது வேலையை நிறுத்தாது; அதனால் அந்தச் செல்களுக்குப் பஞ்சம் வந்தது தெரியவே தெரியாது. குளோமஸ் செல்லில் மட்டும் அந்தக் கவுண்டர்க்காரர் மந்தமானவர். ஆக்சிஜன் கொஞ்சம் குறைந்தாலே கை தளர்ந்துவிடுகிறார். வரிசை பின்னால் தேங்குகிறது, தேக்கம் வாசல்வரை வருகிறது, வாசலில் தள்ளுமுள்ளு. அந்தத் தள்ளுமுள்ளில் பிறக்கும் வேதிச் சமிக்ஞைதான் பொட்டாசியக் கதவைப் போய்ச் சாத்துகிறது. செவில்லேக்காரர்கள் பல ஆண்டுகளாக ஒவ்வொரு கண்ணியாகக் கோர்த்து வைத்திருக்கும் விளக்கம் இது.

எத்தனை நுட்பம் பாருங்கள். உடல் இதற்கென்று தனிக் கருவி ஒன்றைச் செய்யவில்லை. ஏறக்குறைய எல்லாச் செல்லிலும் இருக்கும் அதே அடுப்பைக் கொடுத்து, காற்று குறைந்தால் இதை மட்டும் சீக்கிரம் அணையும்படி வைத்தது. முதலில் பசிப்பவனைக் காவலுக்கு நிறுத்தியிருக்கிறது. கிராமத்தில் கிணறு வற்றுவது ஊர்த்தலைவருக்குத் தெரிவதற்குமுன், கயிறு குட்டையாக வைத்திருக்கும் வீட்டுக்காரிக்குத் தெரிந்துவிடும் அல்லவா.

இது ஒரு கட்சியின் விளக்கம். சிகாகோவில் நந்தூரி பிரபாகர் சொல்வது வேறு. சாதாரண வேளைகளில் இந்தச் செல் ஆக்சிஜனைக் கொண்டு கொஞ்சம் கார்பன் மோனாக்சைடு தயாரிக்கிறது. அது ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டாவதை அடக்கிவைக்கிறது. ஆக்சிஜன் குறையும்போது அந்த அடக்குமுறை தளர்ந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பி செல்லை எழுப்புகிறது. இரண்டுமே நமக்கு எமனாகத் தெரிந்த வாயுக்கள். அழுகின முட்டை நாற்றம் வீசும் அதே ஹைட்ரஜன் சல்ஃபைடுதான், சட்டம் தடுத்த பிறகும் சாக்கடைக் குழிக்குள் நாம் இறக்கிவிடும் மனிதர்களைக் கொல்கிறது. கழுத்துக்குள் அதன் துளியிலும் துளி, மூச்சுவிடு என்று சொல்கிறது. 2015இல் மூன்றாவது குழு ஒன்று, எலியின் குளோமஸ் செல்லில் மோப்பத்துக்கான ஏற்பி ஒன்று இருப்பதையும், ஆக்சிஜன் குறைவில் ரத்தத்தில் பெருகும் லாக்டேட்டை அது மோந்துபார்ப்பதையும் எழுதியது. செவில்லேக்காரர்கள் அதைச் செய்துபார்த்துவிட்டு, அது இல்லாமலும் வேலை நடக்கிறதே என்றார்கள். நாக்கா மூக்கா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. முடியாமல் இருப்பதில் எனக்கு ஒன்றும் வருத்தமில்லை.

எப்போது குரல் கொடுக்க வேண்டும் என்பதிலும் இதற்கு ஒரு பக்குவம். தமனி ரத்தத்தில் ஆக்சிஜனின் அழுத்தம் ஆரோக்கியமானவருக்கு 100 மி.மீ. பாதரசத்தை ஒட்டி இருக்கும். 90, 80 என்று இறங்கினால் பருக்கை லேசாக முனகுகிறது, அவ்வளவுதான். 60க்குக் கீழே போனதும் நரம்பில் துடிப்புகள் சரமாரியாகக் கிளம்புகின்றன. ஏன் 60? ஹீமோகுளோபினைக் கேட்க வேண்டும். அழுத்தம் 100 இல் அது 97, 98 விழுக்காடு நிறைந்திருக்கும்; 60க்கு இறங்கினாலும் 90 விழுக்காடு கையில் இருக்கும். அதற்குக் கீழேதான் செங்குத்துச் சரிவு. 40க்கு வந்தால் 75. பள்ளத்தாக்கின் விளிம்பில் கம்பிவேலி போட்ட மாதிரி, சரியாகச் சரிவு தொடங்கும் இடத்தில் எச்சரிக்கை ஆரம்பிக்கிறது. கூடவே கார்பன் டை ஆக்சைடும் ஏறியிருந்தால் இரண்டு சேதியும் கூட்டப்படுவதில்லை, பெருக்கப்படுகின்றன.

குறையையும் சொல்லிவிட வேண்டும். குறையைச் சொல்லாமல் ரசிப்பது முகஸ்துதி. இந்தப் பருக்கை அளப்பது அழுத்தத்தை, சரக்கை அல்ல. ரத்தசோகை உள்ளவரின் ரத்தத்தில் ஆக்சிஜன் சுமக்கும் வண்டிகளே பாதி இருக்காது. ஆனால் கரைந்திருக்கும் ஆக்சிஜனின் அழுத்தம் சரியாக இருக்கும். பருக்கை பேசாமல் இருந்துவிடும். மூடிய அறையில் கரியடுப்பு மூட்டித் தூங்கியவர்கள் கார்பன் மோனாக்சைடில் எழுந்திருக்காமலே போவதற்கும் ஒரு காரணம் இதுதான்: வண்டியில் வேறொருவன் ஏறி உட்கார்ந்துவிட்டான், அழுத்தமோ மாறவில்லை. மகாதமனியின் வளைவில் இதற்கு உறவுக்காரர்கள் உண்டு. அவர்களுக்கு இந்தக் குறை கொஞ்சம் தெரியும், ஆனால் மூச்சு விஷயத்தில் அவர்கள் பேச்சு அவ்வளவாக எடுபடாது.

இன்னொன்று. மூச்சை அடக்கும்போது நெஞ்சு முட்டுகிறதே, அந்தத் தவிப்பைப் பெரும்பாலும் தருவது ஏறும் கார்பன் டை ஆக்சைடு. குளத்தில் முங்குவதற்குமுன் வேகவேகமாகப் பத்து இருபது மூச்சு இழுத்துவிட்டுப் போகிற பையன்கள், ஆக்சிஜனைச் சேமித்ததாக நினைத்துக்கொள்கிறார்கள். வெளியே தள்ளியது கார்பன் டை ஆக்சைடை. தவிப்பு வருவதற்குள் ஆக்சிஜன் தீர்ந்து, தண்ணீருக்கடியிலேயே நினைவு போய்விடுகிறது. பருக்கை கத்தத்தான் செய்கிறது. தனியாக அது போடும் சத்தம் மூச்சை அசைக்குமே தவிர, மனத்தை அவ்வளவாகத் தவிக்கவைப்பதில்லை. கொரோனா நாள்களில் விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரில் ஹீமோகுளோபினின் நிறைவு 80 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தும் செல்போனில் பேசிக்கொண்டு படுத்திருந்தவர்களை எல்லோரும் பார்த்தோம். அந்தக் கருவிக்கு வழிகண்ட ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அவோயாகி, உலகமே அதை வாங்க வரிசையில் நின்ற 2020 ஏப்ரலில்தான் காலமானார்.

கைக்குழந்தையின் பருக்கையை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். கருப்பையில் குழந்தையின் தமனியில் அழுத்தம் 25, 30 தான். நமக்கு அது எவரெஸ்ட் உச்சி. அங்கே அதற்கு அதுவே இயல்பு. பிறந்து முதல் அழுகை அழுததும் ஆக்சிஜன் வெள்ளமாக வருகிறது. பருக்கை திகைத்து வாயடைத்துப்போகிறது. புது ஊரின் விலைவாசி பிடிபட நாளாவதுபோல, எது குறைவு எது நிறைவு என்று தன் அளவுகோலைத் திருத்திக்கொள்ள அதற்குச் சில நாள், சில வாரம் பிடிக்கிறது. எதிர்முனையில் ஆண்டீஸ் மலைவாசிகள். பெரு நாட்டு நோயியலாளர் ஹாவியர் ஆரியஸ் ஸ்டெல்லா 1969இல், உயரத்திலேயே வாழ்ந்தவர்களின் பருக்கை கடலோரத்தாருடையதைவிடப் பருத்திருப்பதைக் காட்டினார். வாழ்நாளெல்லாம் கத்திக் கத்தி வளர்ந்த தொண்டை. நூல்கண்டைப் பொத்திப் பிடித்திருந்த அந்த இரண்டாம் வகைச் செல்கள் தேவைப்படும்போது தாமே குளோமஸ் செல்லாக மாறும் என்பது 2007இல் எலிகளில் தெரிந்தது.

இதையெல்லாம் படித்துவைத்திருந்த எனக்கு, ஒருமுறை அது வேலை செய்வதைக் காதால் கேட்கவும் வாய்த்தது. சித்தப்பாவோடு லே போயிருந்தேன். 3,500 மீட்டர். விமானத்தில் போய் இறங்கிய முதல் இரவு. விடுதியில் பக்கத்துக் கட்டிலில் சித்தப்பா. பதினொரு மணிவாக்கில் அவர் மூச்சு ஒரு தினுசாக மாறியது. நாலைந்து மூச்சு, ஒன்றைவிட ஒன்று ஆழமாக. பிறகு சிறிதாகிச் சிறிதாகி, நின்றேவிட்டது. நான் எண்ணினேன். ஒன்று, இரண்டு... பத்து. எழுந்து உலுக்கப்போகும் நொடியில் நெடுமூச்சு ஒன்று இழுத்தார். மறுபடி நாலைந்து. மறுபடி மௌனம்.

என்ன நடக்கிறது என்று தெரியும். ஆக்சிஜன் குறைவு என்று பருக்கை கத்துகிறது, மூச்சு பெருகுகிறது, பெருகிய மூச்சில் கார்பன் டை ஆக்சைடு தேவைக்குமேல் வெளியேறிவிட, அதை வைத்து மூச்சை ஓட்டும் மூளைத்தண்டு வேலையை நிறுத்திவிடுகிறது, நின்ற நேரத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது, பருக்கை மறுபடி கத்துகிறது. தெரிந்திருந்தும் தூக்கம் வரவில்லை. கைப்பையிலிருந்த ஆக்ஸிமீட்டரை மெதுவாக அவர் விரலில் மாட்டினேன். விளையாட்டு அப்போதுதான் புரிந்தது. மூச்சு நின்றிருக்கும்போது திரையில் 86. நல்ல எண். பெருமூச்சு இழுத்து, இரண்டாவது, மூன்றாவது மூச்சு போய்க்கொண்டிருக்கும்போது எண் 83, 80, 78 என்று இறங்கியது. மூச்சு மறுபடி அடங்கும் வேளையில் 86க்கு ஏறியது. குளிரில் சுருங்கிக் கிடந்த விரல்நுனிக்கு ரத்தம் போய்ச்சேரத் தாமதம்; அந்தக் கணக்கில் கருவி பழைய செய்தியை வாசித்துக்கொண்டிருந்தது. கழுத்துக்கு அந்த ரத்தம் எப்போதோ வந்து, பதம் பார்க்கப்பட்டு, தபாலும் போய், மூச்சும் கிளம்பிவிட்டிருந்தது. விடியும்வரை திரையைப் பார்ப்பதும் மூச்சைக் கேட்பதுமாக இருந்தேன். ஒருமுறைகூட விரல் கழுத்தை முந்தவில்லை.

காலையில் சித்தப்பா சோம்பல் முறித்துக்கொண்டே, "ஊர்லகூட இப்படித் தூங்கினதில்லடா. உனக்கு ஏன் கண்ணு இப்படிச் செவந்திருக்கு?" என்றார்.

"புது எடம் சித்தப்பா" என்றேன்.